எளிய சொல்லும் உயரிய ஞானமும்

(ஆலயத் திருவிழாவில் ஆற்றப்பெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலங்களில் ஆலய நிருவாகத்தினர் செவிகளில் இரண்டு குறைகள் விழுவதுண்டு. "பேச்சாளர் பெரிய பெரிய விஷயங்களைப் பேசினார், ஆனால் ஒன்றும் விளங்கவில்லை" என்பது முதற்குறை. பதி, பசு, பாசம் என்றும், முப்பத்தாறு தத்துவங்கள் என்றும் விளக்கமின்றி அடுக்கிக்கொண்டே போனால், அன்னதானத்திற்கு இலை போட்டாயிற்றா என்று எட்டிப் பார்ப்போர் தொகை கூடிவிடுகிறது. "கதையும் சிரிப்புமாக நேரம் போனதே தெரியவில்லை, ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றும் இல்லை" என்பது மற்றொரு குறை. முன்னவர் சுமையை இறக்கி வைக்கவில்லை. பின்னவர் சுமையோடு சரக்கையும் கீழே போட்டுவிட்டார்.

அரிய கருத்துகளை எளிமையாக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எதை எளிமையாக்குவது, எதை எளிமையாக்கக் கூடாது? இந்தக் கேள்விக்கு விடை தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர் இதே ஜொகூர் மண்ணில் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் மருத்துவரின் வாழ்க்கையே அதற்குத் தெளிவான விடையாக அமைந்திருக்கிறது.

ஜொகூரில் ஒரு மருத்துவர்

திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணி பாயும் பத்தமடை என்னும் ஊரில் 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் பிறந்தவர் குப்புசாமி. எட்டயபுரத்திலும் திருச்சியிலும் படித்து, தஞ்சையில் மருத்துவம் பயின்றார். 1909ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயதை எட்டும் பருவத்திலேயே 'அம்ப்ரோசியா' என்னும் மருத்துவ இதழைத் தொடங்கினார். அதற்குத் தொடக்கச் செலவாகத் தாயார் கொடுத்தது நூறு ரூபாய். மருத்துவர்களின் அறைக்குள் அடங்கிக் கிடந்த நலவாழ்வுச் செய்திகளைப் பொதுமக்களும் அறிய வேண்டும் என்பதே அவ்விதழின் நோக்கமாக இருந்தது. பிற்காலத்தில் ஞான நூல்களை அவர் எழுதிய முறைக்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

1913ஆம் ஆண்டில் அவர் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார். சிரம்பானுக்கு அருகே ஒரு பால்மரத் தோட்டத்து மருத்துவமனையில் சுமார் ஏழாண்டுகள் பணிபுரிந்தார். அதன்பின் ஜொகூருக்கு வந்து, ஒரு மருத்துவ நிலையத்தில் சுமார் மூன்றாண்டுகள் இருந்தார். ஜொகூர் பாருவில் 1911ஆம் ஆண்டிலேயே இராஜமாரியம்மன் ஆலயம் எழுந்துவிட்டிருந்த காலம் அது. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலமும் அதுவே.

1923ஆம் ஆண்டில் அந்த மருத்துவர் நல்ல வருவாயையும் வசதியையும் விட்டு இந்தியா திரும்பினார். இமயத்தின் அடிவாரத்திலுள்ள இருடிகேசத்தை அடைந்து, 1924ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் துறவு பூண்டார். ஜொகூர்ப் பாலம் முறைப்படி திறக்கப்பட்டதும் அதே ஜூன் மாதத்தில்தான். இரு கரைகளை இணைக்கும் பாலம் இங்கே திறக்கப்பட்ட மாதத்தில், கற்றோர்க்கும் மற்றோர்க்கும் இடையே பாலமாக அமையப்போகும் ஒருவர் அங்கே காவியுடை ஏற்றார். அவரே சுவாமி சிவானந்தர். 1936ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கம் இன்று பல நாடுகளில் கிளை பரப்பி நிற்கிறது. நம் நாட்டிலும் பத்துமலையில் அதன் ஆசிரமம் இருக்கிறது.

முன்னோரும் பின்னோரும்

சிவானந்தர் பிறந்த குடி எளிய குடியன்று. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பைய தீட்சிதரின் வழித்தோன்றல் அவர். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை வடமொழியில் இயற்றியவர் என்று போற்றப்படுபவர் தீட்சிதர். அவருடைய சித்தாந்த லேச சங்கிரகமும் சிவார்க்கமணி தீபிகையும் பண்டிதர்களே பாடம் கேட்டுப் படிக்க வேண்டியவை. ஒரு சொற்றொடருக்குள் பூர்வ பட்சமும் அதற்கு மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும் அடங்கியிருக்கும்.

அந்தக் குலத்தில் வந்தவர் சின்னஞ்சிறு வாக்கியங்களில் எழுதினார். அதிகாலையில் எழுக, அளவாக உண்க, உண்மை பேசுக, இறைவன் திருநாமத்தைச் செபிக்க, இயன்றதை ஈக என்னும் பாங்கில் அமைந்தவை அவ்வாக்கியங்கள். தொண்டு, அன்பு, ஈகை, தூய்மை, தியானம், உணர்தல் என்னும் ஆறு படிகளுக்குள் முழு நெறியையும் அடக்கிக் காட்டினார். இருநூறுக்கும் மேற்பட்ட நூல்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார். ஆங்கிலம் ஓரளவு அறிந்த ஓர் எழுத்தரும் அகராதியைத் தேடாமல் அவற்றைப் படிக்க இயலும்.

இதனைக் கண்டு, "பேரறிஞர் பரம்பரையில் இப்படியும் ஒருவரா?" என்று எண்ணினால் அது பிழையாகும். தீட்சிதரே கூட, அணியிலக்கணம் பயிலத் தொடங்கும் இளம் மாணாக்கர்க்கென்று குவலயானந்தம் என்னும் நூலைச் செய்து வைத்தார். பண்டிதர்க்கு ஒரு நடை, பயில்வோர்க்கு ஒரு நடை என்பது அக்குடியில் முன்னரே இருந்த வழக்கம். சிவானந்தர் அந்த இரண்டாம் வழக்கைத் தம் வாழ்நாட் பணியாக ஏற்றுக்கொண்டார்.

எளிதாகியது சொல், எளிதாகாதது கடமை

மருத்துவரின் வழியை இங்கே நினைவிற் கொள்ளுதல் நலம். நாட்டு மருத்துவத்தில் மருந்து ஒன்று, அனுபானம் ஒன்று. குழந்தைக்குத் தேனிலும், முதியவர்க்கு வெந்நீரிலும், மற்றொருவர்க்குப் பாலிலும் ஒரே மருந்தைக் கலந்து கொடுப்பர். அனுபானம் ஆளுக்கு ஆள் மாறும், மருந்து மாறாது. கசக்கிறது என்று மருந்தை நீக்கிவிட்டுத் தேனை மட்டும் ஊட்டினால், குழந்தை சிரிக்கும், நோய் தீராது.

சிவானந்தர் செய்தது இதுதான். அவர் சொல்லை எளிதாக்கினார். செயலைச் சற்றும் எளிதாக்கவில்லை. இதற்குச் சான்று அவர் வகுத்துத் தந்த ஆன்மிக நாட்குறிப்பு. அன்பர்கள் ஒவ்வொரு நாளும் அதில் விடை எழுத வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்தாய், எவ்வளவு நேரம் உறங்கினாய், எத்தனை மாலை செபம் செய்தாய், எவ்வளவு நேரம் பிறர்க்குத் தொண்டு செய்தாய், எவ்வளவு தருமம் செய்தாய், எத்தனை முறை சினந்தாய், எத்தனை பொய் சொன்னாய், அதற்கு உனக்கு நீயே என்ன தண்டனை விதித்துக்கொண்டாய் என்ற முறையில் அக்கேள்விகள் தொடரும்.

இக்கேள்விகளில் பள்ளிப் பிள்ளைக்கு விளங்காத சொல் ஒன்றுமில்லை. ஆயினும் இரவு நேரத்தில் தனித்திருந்து இவற்றுக்கு உண்மையான விடை எழுதுவது எத்துணைக் கடினம்! பிரம்ம சூத்திரத்திற்கு உரை சொல்ல வல்லவரும் "இன்று எத்தனை பொய்?" என்னும் கேள்வியின் முன் எழுதுகோலைக் கீழே வைக்க நேரிடலாம்.

சிவானந்தர் நூல்களில் கூறியது கூறல் மிகுதி, தருக்க வாதம் குறைவு என்று குறை சொல்வாரும் உளர். அது ஓரளவு உண்மையே. தத்துவ ஆராய்ச்சி செய்வோர்க்கு அவருடைய பல நூல்கள் போதமாட்டா. ஆனால் மூன்று வேளையும் ஒரே மருந்தை உண்ணச் சொல்வதை யாரும் கூறியது கூறல் என்று குற்றம் சாட்டுவதில்லை.

மேலும் அவர் அன்பர்களை முதற்படியிலேயே நிறுத்திவிடவுமில்லை. கீதைக்கும் முதன்மையான உபநிடதங்களுக்கும் பிரம்ம சூத்திரத்திற்கும் உரை எழுதி வைத்தார். 1949ஆம் ஆண்டுச் சிவராத்திரியில் தம்மிடம் துறவு பெற்ற சின்மயானந்தரை, சாத்திரங்களை ஆழ்ந்து கற்பதற்காக உத்தரகாசியிலிருந்த தபோவன சுவாமிகளிடம் அனுப்பி வைத்தார். அவ்வாறு ஆழக் கற்றவரே பின்னர் 1951ஆம் ஆண்டு முதல் ஞான வேள்விகள் நடத்தி, உபநிடதங்களைப் பொதுமக்களிடம் எளிய நடையில் கொண்டு சேர்த்தார். எளிமையாகச் சொல்ல வேண்டுமாயின் முதலில் ஆழமாகக் கற்க வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ்ச் சான்றோர் காட்டிய வழி

இம்முறை சிவானந்தரோடு தோன்றிய புதுமையன்று. தமிழ்ச் சைவ மரபே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருளிய சிவஞான போதம் பன்னிரண்டு சூத்திரங்களும் நாற்பது அடிகளும் கொண்டது. அளவாற் சிறியது என்பதனால் அது எளியதாகிவிடாது. சுருக்கம் வேறு, எளிமை வேறு. நாற்பது அடிகளுக்குள் செறிந்த பொருளைக் கற்பவர்க்கு விளக்க, அவர் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்னும் பெருநூலை அருளினார். மற்றொரு மாணாக்கராகிய திருவதிகை மனவாசகங் கடந்தாரோ, மாணவன் கேட்க ஆசிரியர் விடை சொல்லும் முறையில் உண்மை விளக்கம் என்னும் சிறுநூலைத் தந்தார். தத்துவங்கள் யாவை, ஆணவம் யாது, உயிர் யாது, இறைவன் ஆடும் கூத்தின் பொருள் என்ன, திருவைந்தெழுத்தின் உட்கிடை என்ன என்று ஒரு மாணவன் கேட்கக்கூடிய வரிசையிலேயே அந்நூல் செல்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அதே சிவஞான போதத்திற்கு இரண்டு உரைகள் எழுதினார். கடலன்ன மாபாடியம் ஒன்று, சிற்றுரை மற்றொன்று. ஒரே ஆசிரியர், ஒரே நூல், ஒரே கொள்கை. கற்போர் நிலை மட்டும் வேறு. சிற்றுரையில் கொள்கை குறைக்கப்படவில்லை. மறுப்புரைகளும் மேற்கோள்களுமே குறைக்கப்பட்டன.

மாணிக்கவாசகப் பெருமானோ இன்னும் ஒருபடி இறங்கி வந்தார். மகளிர் ஆடும் அம்மானை, ஊசல், சாழல், தோணோக்கம் ஆகிய விளையாட்டுகளையே பாடல் வடிவமாகக் கொண்டார். திருச்சாழலில் ஒரு பெண் இறைவனின் கோலத்தைக் குறித்து ஏளனமாகக் கேட்கிறாள். மற்றவள் அதன் உட்பொருளைச் சொல்லி விடையிறுக்கிறாள். கேள்வி தெருவிலே கேட்கும் கேள்வி. விடை சித்தாந்தத்தின் விடை.

ஈழத்து நல்லூரிலே 1822ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுக நாவலர், 1852ஆம் ஆண்டில் பெரியபுராணத்தை உரைநடையில் வெளியிட்டார். பாலபாடங்களும் சைவ வினாவிடையும் எழுதிப் பள்ளிச் சிறுவர் கைகளில் கொடுத்தார். வினாவிடை என்பதனால் அவர் எதையும் தளர்த்திவிடவில்லை. திருநீறு அணியும் முறை, ஆலயத்தில் வழிபடும் முறை, அங்கே செய்யத் தகாதவை என்று கடமைகளை ஒன்றொன்றாக வரையறுத்தார். நாட்குறிப்பில் சிவானந்தர் கேட்டதும், வினாவிடையில் நாவலர் விதித்ததும் ஒன்றே: விளங்கிக்கொண்டவன் செய்ய வேண்டும்.

எளிமை பிழையாகும் இடங்கள்

எளிமையாக்குகிறோம் என்று கருதிப் பொருளையே மாற்றிவிடும் இடங்களும் உண்டு. அவற்றுள் மூன்றை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

முதலாவது ஆணவம். "ஆணவம் என்றால் திமிர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கேட்டவர், "நான் யாரிடமும் திமிராக நடப்பதில்லை, ஆகவே எனக்கு ஆணவ மலம் இல்லை" என்று எண்ணி மனநிறைவு கொள்வார். சித்தாந்தம் கூறுவது அதுவன்று. உயிரின் அறிவை அநாதியாகவே மறைத்து நிற்கும் இருளே ஆணவம். செருக்கு அதன் விளைவுகளுள் ஒன்று. இதனை விளக்க முன்னோர் கையாண்ட உவமை செம்பும் களிம்பும். களிம்பு வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து பூசியதன்று. செம்போடு உடனாகவே இருப்பது. வெள்ளிக்கிழமைதோறும் பூசைச் செம்பைப் புளியிட்டுத் துலக்கும் ஒவ்வொரு தாய்க்கும் இது நன்கு தெரியும். சென்ற வாரம் துலக்கியது போதும் என்று அவர் விட்டுவிடுவதில்லை. இவ்வுவமையைச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்குகிறது, கொள்கையும் சிதையவில்லை. எளிமை என்பது இதுவே.

இரண்டாவது வினை. துன்பத்தில் துவண்டு வருபவரிடம், "எல்லாம் உன் தலைவிதி" என்று சொல்லிவிடுவது எளிது. அது ஆறுதலும் அன்று, சமயமும் அன்று. வினையை நம் சமயம் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகையாகப் பிரித்துக் கூறுகிறது. களஞ்சியத்தில் கிடக்கும் நெல் சஞ்சிதம். இலையில் பரிமாறப்பட்ட சோறு பிராரத்தம். இன்று கையிலெடுத்து விதைக்கும் விதை ஆகாமியம். பரிமாறப்பட்டதை உண்டுதான் தீர வேண்டும். ஆனால் எதை விதைப்பது என்பது இன்றும் நம் கையில்தான் இருக்கிறது. தலைவிதி என்னும் ஒற்றைச் சொல் இந்த மூன்றாம் பகுதியை மறைத்துவிடுகிறது. முயற்சிக்கும் நம்பிக்கைக்கும் இடமளிக்கும் ஒரு கொள்கை, சுருக்கிய சுருக்கில் மனிதனைச் செயலறச் செய்யும் கொள்கையாக மாறிவிடுகிறது. பாதிக்கப்படுபவர் துன்பத்தில் இருக்கும் நம் சொந்தச் சகோதர சகோதரியரே.

மூன்றாவது அச்சம். "தப்புச் செய்தால் சாமி கண்ணைக் குத்தும்" என்று குழந்தைக்குச் சொல்லி வளர்க்கிறோம். அந்த வயதில் அது பலிக்கலாம். ஆனால் பதினைந்து வயதில், தவறு செய்த பலர் நல்ல கண்ணோடு நடமாடுவதை அப்பிள்ளை காண்கிறது. அன்று சாமி பொய்யாகவில்லை; சொன்ன பெற்றோரின் சொல் பொய்யாகிறது. பின்னர் அவர்கள் சொல்லும் மெய்யையும் அப்பிள்ளை ஏற்பது அரிதாகிறது. எளிமையாகச் சொன்னது ஒருநாளும் பின்னர் மறுக்கப்பட வேண்டியதாக இருத்தல் கூடாது. பின்னர் விரிக்கத் தக்கதாக இருத்தல் வேண்டும்.

ஆலயங்களின் கடமை

குளுவாங்கிலும் சிகாமட்டிலும் கூலாயிலும் பால்மரத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் பலர் ஏடு படித்தறியாதவர்கள். ஆயினும் லயன் வீட்டு வாசலில் விளக்கேற்றி, காவடி சுமந்து, பசனை பாடி, சமயத்தை நமக்கு ஒப்படைத்துச் சென்றார்கள். அவர்கள் "ஏன்?" என்று கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு எழவில்லை. இன்று பல இனத்தவரோடு படித்துப் பணிபுரியும் நம் பிள்ளைகளை மற்றவர் கேட்கிறார்கள்: ஏன் திருநீறு பூசுகிறாய், ஏன் தேங்காய் உடைக்கிறாய், ஏன் பல தெய்வங்கள்? பிள்ளை வீட்டுக்கு வந்து தாய் தந்தையரைக் கேட்கிறது. "எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் கேட்டதில்லை" என்பது விடையாகாது. விடை வீட்டில் கிடைக்காதபோது, கைத்தொலைபேசியில் அரை நிமிடத்தில் சொல்லப்படும் எந்த விடையையும் அது ஏற்றுக்கொள்ளும்.

மலேசிய இந்து சங்கம் நடத்திவரும் திருமுறை ஓதும் விழாவில் நம் பிள்ளைகள் பண்ணோடு பாடக் கேட்டு உள்ளம் உருகாதார் இல்லை. அப்பிள்ளைகள் பரிசு பெற்று மேடையை விட்டு இறங்கியதும், பாடிய பாட்டின் பொருளை மூன்றே வாக்கியங்களில் தம் சொந்தச் சொற்களில் சொல்லும்படி பெற்றோர் கேட்க வேண்டும். சொல்ல இயலாவிடில் குறை பிள்ளையுடையதன்று. மனப்பாடத்தோடு நின்றுவிட்ட கற்பித்தலின் குறையே அது.

ஆலயங்கள் இதற்கு ஆற்றக்கூடிய பணி சிறியது, ஆனால் நிலையானது. வாரந்தோறும் நடைபெறும் சமய வகுப்பில் ஒரே ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதனை வீட்டில் காணும் ஒரு பொருளைக் கொண்டு விளக்கலாம். பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்லக் கேட்கலாம். முடிவில், அவ்வாரம் செய்து வர வேண்டிய ஒரு செயலைக் கொடுத்து அனுப்பலாம்; அடுத்த வாரம் அதைச் செய்ததா என்று மறவாமல் கேட்கலாம். ஆண்டுக்கு ஐம்பது வாரம் என்றாலும் ஐம்பது கருத்துகள், ஐம்பது நற்செயல்கள். பேச்சாளர்களை அழைக்கும் நிருவாகத்தினரும், "எளிமையாகப் பேசுங்கள்" என்று மட்டும் கேட்டு நின்றுவிடாமல், "ஒன்றை விளங்க வைத்து, ஒன்றைச் செய்ய வைத்து அனுப்புங்கள்" என்று கேட்டல் நலம்.

கேட்பவர்க்கும் கடமை உண்டு. அனுபானத்தின் இனிப்பை மட்டும் சுவைத்துவிட்டு மருந்தைத் துப்பிவிடுதல் தகாது. விளங்காத ஒரு சொல் வந்தால், அதைக் குறித்துக்கொண்டு பிரசாதம் பெறும்போதேனும் பேச்சாளரையோ சிவாச்சாரியாரையோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எல்லாமே ஒரு முறை கேட்டவுடன் விளங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகைச் சோம்பலே.

அன்பர்களே! ஜொகூரை விட்டுச் சென்ற மருத்துவர் 1963ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் கங்கைக் கரையில் மகாசமாதி அடைந்தார். பத்தாண்டுகள் மலாயாவில் நோயாளிகளுக்கு மருந்தளித்த அந்தக் கைகள், பின்னர் நாற்பதாண்டுக் காலம் உலகத்தார்க்கு ஞான மருந்தை அளித்தன. அவர் தந்த நாட்குறிப்பின் ஒரு கேள்வியையாவது இத்திருவிழாவின் நினைவாக ஒவ்வொருவரும் இல்லத்திற்கு எடுத்துச் செல்லலாம். இன்றிரவு உறங்கப் போகுமுன், "இன்று எத்தனை முறை சினந்தேன்?" என்று ஒருமுறை எண்ணிப் பார்த்து விடையை ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். கேள்வி எளியது. விடையை மெய்யாக எழுதும் துணிவை அம்பிகை அனைவர்க்கும் அருள்வாளாக!